மதுரையில் ‘வீடு ஒத்திக்கு’ என்றால் என்ன? முதல் வீடு எடுப்பவருக்கு அது கட்டுப்படியாகுமா?

செல்லூரிலோ விளாங்குடியிலோ முதன்முதலாகத் தனி வீடு தேடி நடப்பவர், கம்பிக் கதவில் கட்டிய அட்டையில் ‘வீடு ஒத்திக்கு’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக் காலம் முழுவதும் மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவதே ஒத்தி. நகை அடகைத் தலைகீழாகப் பார்த்தால் இது விளங்கும்: இங்கே பணம் கொடுப்பவர் நாம், பணம் திரும்பும்வரை வீடு நம் கையில் இருக்கும்.

வீட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கொண்டு கடனை அடைக்கிறார் அல்லது வட்டி ஈட்டுகிறார். அந்த வட்டிதான் வாடகை. ஆகவே, சேமிப்பில் உள்ள 5 லட்சத்தை ஒத்திக்குக் கொடுத்தால், அதற்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற கணக்கில் மாதம் சுமார் 2,900 ரூபாயை நாம் இழக்கிறோம். அதே வீட்டுக்கு வாடகை 7,000 என்றால் ஒத்தி நிச்சயம் லாபம். ஆனால் அந்த 5 லட்சத்தையே இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 10,000 போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது என்பேன். வீட்டின்மேல் வங்கிக் கடன் உள்ளதா என்று வில்லங்கச் சான்றில் பார்த்து, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

சாவியைக் கொடுத்த அன்றே பணம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அடுத்து ஒத்திக்கு வருபவர் கொடுத்த பிறகே அது நம் கைக்கு வருகிறது.