ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி: லெனகபாவிர் பத்தி கேளுங்க

எச்ஐவி தொத்தாம தடுக்கறதுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போடுற மருந்து லெனகபாவிர் பத்தி நிறைய பேர் கேட்டுட்டீங்க. நான் புரோட்டீன் ஸ்ட்ரக்சர் பாக்குறவன், டாக்டர் இல்ல, அதனால "நான் போட்டுக்கலாமா"ங்கிறத மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கார்த்தி: அண்ணா, பழைய மாத்திரைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பழசுல பெரும்பாலானது வைரஸோட என்சைமைத்தான் புடிக்கும். இது கேப்சிட்டைப் புடிக்குது, அதாவது வைரஸோட மரபுப்பொருளை சுத்தி இருக்குற கூம்பு வடிவ கூடு. சுமார் 1500 புரோட்டீன், ஆறாறா சேர்ந்து அறுகோணமா அடுக்கியிருக்கும். ஆனா வெறும் அறுகோணத்த வச்சு எந்தக் கூட்டையும் மூட முடியாது, சரியா 12 ஐங்கோணம் வேணும், இது வைரஸ் போட்ட கணக்கு இல்ல, கணித மேதை ஆய்லர் போட்ட கணக்கு. அகலமான பக்கம் 7, குறுகலான பக்கம் 5. மருந்து அறுகோணத்துல அடுத்தடுத்து இருக்குற ரெண்டு புரோட்டீனுக்கு நடுவுல இடுக்குல போய் உக்காந்துக்குது.

மீனா: அப்போ கூடு கரைஞ்சிடுமா?

இல்லங்க, இன்னும் இறுகுது, எனக்கு ரொம்பப் புடிச்ச இடமே இதுதான். நமுத்த அப்பளம் வளையும், பொரிச்சது நொறுங்கும்ல, அந்த மாதிரி மருந்து ஏறுனா சுவர் விறைச்சுப் போய் வளைவான இடத்துல விரிசல் விடுது, சுவர் அப்படியே நிக்கும் ஆனா மூடுன கூடா இருக்காது. இன்னொரு அடியும் இருக்கு: முன்னாடி எல்லாரும் கூடு உடைஞ்சதுக்கு அப்புறம்தான் வைரஸோட மரபுப்பொருள் நம்ம செல்லோட உட்கருவுக்குள்ள போகுதுன்னு நெனச்சாங்க, 2021ல ஜெர்மனியோட ஹைடெல்பெர்க் ஆராய்ச்சிக் குழு முழுக் கூம்பே உட்கரு துளை வழியா நுழையுறத படம் புடிச்சாங்க. அங்க நுழையுறதுக்கு கூடு புடிச்சுக்கிற செல் புரோட்டீன்களும் இதே இடுக்குலதான் ஒட்டணும், ஆனா அந்த சீட்டுல மருந்து ஏற்கனவே உக்காந்துடுச்சு.

பிசிக்ஸ் ராஜா: ஆறு மாசம் எப்படி தாங்குது சார்?

ஒரு மூலக்கூறுல 10 ஃபுளோரின்! தண்ணியில கரையவே கரையாது, உடம்பாலயும் சீக்கிரம் உடைக்க முடியாது. தோலுக்கு அடியில போட்டா அங்கயே தங்கி கொஞ்சம் கொஞ்சமா கசியும். சாதாரணமா கரையாத மருந்துன்னா கெமிஸ்ட் தலைல கைய வைப்பாரு, இங்க அதையே வேலைக்கு வச்சுக்கிட்டாங்க. உங்களுக்காக இன்னொண்ணு, 2021 கடைசில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த ஊசி ட்ரையல நிறுத்தி வச்சுது, காரணம் மருந்து இல்ல, குப்பி! போரோசிலிகேட் கண்ணாடியோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள் வரலாம்னு பயம். அலுமினோசிலிகேட் கண்ணாடிக்கு மாத்துனதும் 2022 மே மாசம் தடைய எடுத்தாங்க.

ஷீபா: 100% பாதுகாப்புங்கிறாங்களே, உண்மையா?

தென்னாப்பிரிக்கா, உகாண்டால இளம்பெண்கள்கிட்ட நடந்த ட்ரையல்ல இந்த ஊசி போட்ட 2134 பேர்ல ஒருத்தருக்கும் தொத்தல. அடுத்த ட்ரையல்ல 2179 பேர்ல 2 பேருக்கு வந்துச்சு. அதனால ஆபத்து பூஜ்யம்னு சொல்லாதீங்க, ஆனா பிரமாதம்.

ஷீபா: அப்போ தடுப்பூசிதானே?

இல்ல, எதிர்ப்பு சக்திக்கு எதுவும் கத்துக்குடுக்காது. நிறுத்துனா பாதுகாப்பும் போயிடும். போடுறதுக்கு முன்னாடி எச்ஐவி இல்லன்னு டெஸ்ட் கட்டாயம்.

அன்வர்: விலை?

அமெரிக்கால 2025ல வருஷத்துக்கு 28,218 டாலர்னு வச்சாங்க. 2027லருந்து டாக்டர் ரெட்டிஸ், ஹெட்டெரோ, ரெண்டுமே ஹைதராபாத் கம்பெனி, 120 நாட்டுக்கு வருஷம் 40 டாலருக்குத் தரப்போறதா 2025 செப்டம்பர்ல அறிவிச்சாங்க. கடுப்பு என்னன்னா ரெண்டாவது ட்ரையலுக்கு ஆள் குடுத்த பிரேசில் அந்த 120ல இல்ல.

நர்ஸ் அக்கா: ஊசி போட்ட இடத்துல கட்டி வருதாமே தம்பி?

ஆமா அக்கா, நிறைய பேருக்கு வருது. மருந்து அங்கதானே தங்கியிருக்கு. பெரும்பாலும் மெதுவா சின்னதாகிடும், தேய்க்காம இருக்கச் சொல்லுங்க.