ஞாயிறு ஆராதனை, சபை ஐக்கியம்: பெங்களூரு வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மாரத்தஹள்ளி பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. மூன்று மாதமாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபைக்குப் போகிறேன். ஒருவர்கூட "தம்பி எந்த ஊர்?" என்று கேட்கவில்லை.

பதில்: ஊரில் உங்கள் தாத்தாவைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இங்கே நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு, மூன்று ஆராதனை நடக்கிற பெரிய சபையில் புது முகத்தைப் பார்த்தால், "அடுத்த ஆராதனைக்கு வருகிறவர் போல" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை என்று மாற்றிப் போனால் அந்த நினைப்பு உறுதியாகிவிடும். ஒரே ஆராதனை, முடிந்தால் ஒரே வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், அதையும் கணக்கில் எடுத்து 10 நிமிஷம் முன்னதாகப் போய்விடுங்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் ஆட்டோ தேடி ஓடாமல் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். அறிமுகமெல்லாம் அந்த மரத்தடியில்தான் நடக்கும்.

அடுத்து, உங்கள் ஊர்ச் சபையின் குருவானவரிடம் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (கன்பர்மேஷன்) பெற்ற தேதிகளோடு ஒரு கடிதம் வாங்கி இங்குள்ள ஆயரிடம் (குருவானவரிடம்) கொடுங்கள். வாசலில் எல்லாரும் கைகுலுக்கும் நேரத்தில் கொடுத்தால் அது அங்கியின் பைக்குள் போய்விடும். வாரநாளில் ஆலய அலுவலகத்துக்குப் போய்க் கொடுங்கள். "எங்கள் பகுதி வீட்டு ஜெபம் என்றைக்கு, யாரைப் பார்க்கணும்?" என்று அப்போதே கேட்டு, போன் நம்பரையும் வாங்கிவிடுங்கள். பாட வருமென்றால் பாடகர் குழு இன்னும் சுலபம்: ஒத்திகைக்கு ஒருநாள் போகாவிட்டால் யாராவது போன் போடுவார்கள். சபையில் எல்லாரும் உங்களிடம் பேச வேண்டியதில்லை. வராவிட்டால் தேடுகிற பத்துப் பேர் போதும்.

கேள்வி: கொரோனா காலத்திலிருந்து யூடியூபில்தான் ஆராதனை பார்க்கிறோம். பிரசங்கம் நேரில் கேட்பதைவிட நன்றாகவே இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?

பதில்: பிரசங்கம் நன்றாக இருக்கலாம், அதில் சண்டையில்லை. ஆனால் ஆதிச் சபையார் உறுதியாய்ப் பிடித்திருந்தவை என்று அப்போஸ்தலர் 2:42 நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம் (ஐக்கியம்), அப்பம் பிட்குதல், ஜெபம். யூடியூப் முதலாவதைத் தரும், கடைசியில் பாதியைத் தரும், நடுவில் உள்ள இரண்டும் கிடைக்காது. எபிரெயர் 10:25-ம் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்கிற கையோடு, ஒருவருக்கொருவர் புத்திசொல்லுவதையும் சேர்த்தே சொல்கிறது. வியாதிப்பட்டால் சபையின் மூப்பரை வரவழைக்கச் சொல்கிறார் யாக்கோபு (5:14). உங்கள் வீட்டு முகவரியே தெரியாத மூப்பரை எப்படி வரவழைப்பீர்கள்?

படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒளிபரப்பு நல்லதுதான். அவர்களுக்கு ராப்போஜனத்தை (அப்பமும் திராட்சரசமும்) வீட்டிலேயே கொடுக்க ஏற்பாடு செய்யலாம். ஆயரிடம் முந்திய வாரமே சொல்லிவையுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). வியாழன்தோறும் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலய நவநாள் (நொவேனா) ஜெபத்துக்குப் போகிறேன். ஞாயிறு பகல் முழுக்க ஷிப்ட். இது போதுமா?

பதில்: போதாது. நவநாள் பக்தி முயற்சி, ஞாயிறு கடனுக்கு, அதாவது ஞாயிறு திருப்பலியில் பங்கெடுக்கும் கடமைக்கு, அது ஈடாகாது. ஆனால் திருச்சபைச் சட்டம் 1248-ன்படி சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலே அந்தக் கடன் நிறைவேறும். உங்கள் பங்கில் அது உண்டா, எந்த மொழியில் என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். நவநாள் கூட்டம் ஊர் முழுக்க இருந்து வந்து கலைகிற கூட்டம், அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. மாதம் ஒருமுறையாவது உங்கள் தெரு அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் கூடும் கூட்டம்) போங்கள்.

கேள்வி: எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஐந்து குடும்பம் சேர்ந்து வீட்டு ஜெபம் தொடங்கினோம். ஒரு சுற்று முடிந்ததும் நின்றுபோனது. ஏன்?

பதில்: பெரும்பாலும் அடுப்படியில்தான் நிற்கும். முதல் வீட்டில் டீயும் மேரி பிஸ்கட்டும், மூன்றாவது வீட்டில் வடையும் கேசரியும், ஐந்தாவது வீட்டில் பிரியாணி. சுற்று மறுபடி முதல் வீட்டுக்கு வரும்போது, "அடுத்த மாசம் வச்சுக்கலாமே" என்பார்கள். டீ, ஒரு பலகாரம், அதற்கு மேல் யாரும் செய்யக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வசதியுள்ள வீட்டார்தான் இதை முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

ஏழரைக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடித்துவிடுங்கள். பாமாலை ஒன்று, கீர்த்தனை ஒன்று, 10 நிமிஷம். வேத பாகம் வாசித்து எல்லாரும் பேச 25 நிமிஷம். மீதி நேரம் ஜெபக் குறிப்பும் ஜெபமும். ஒருவரே பிரசங்கம் பண்ண ஆரம்பித்தால் முக்கால் மணி போய்விடும், மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். மைக், கீபோர்டு வேண்டாம். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் வாடகைக்கு இருப்பவர் பாடு திண்டாட்டம்.

ஒருவர் மனம்விட்டுச் சொன்ன கடனோ குடும்பச் சண்டையோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அவர் திரும்ப வர மாட்டார். குழுவில் போட்டவர்கள் "ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். குழுவில் இடமும் நேரமும் மட்டும் போடுங்கள்.

கேள்வி: மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இரண்டு வருஷமாக ஆலயத்துக்குச் சரியாகப் போகவில்லை. கல்யாணத்துக்குச் சபையில் கடிதம் தருவார்களா?

பதில்: தருவார்கள், ஆனால் அலைய விடுவார்கள். அதை அநியாயம் என்று சொல்ல முடியாது: அடையாளம் தெரியாத ஒருவருக்கு ஆயர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? சபைச் சந்தா பாக்கியை முதலில் கட்டுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றிதழ்களை எடுத்துவையுங்கள். இரு வீட்டார் சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டியிருக்கும். லெந்து (தவக்கால) நாட்களில் பல சபைகளில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் தேதியை ஆயரிடம் கேட்டுவிடுங்கள்.