இரைப்பை தன்னையே செரிக்காதது ஏன்?

அன்புள்ள ஐயா,

இரைப்பையில் சுரக்கும் பெப்சின் இறைச்சியின் புரதத்தைத் துண்டாடுகிறது என்று செரிமானக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இரைப்பையும் தசைதானே? அது ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை? சளிப்படலம் காக்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள். எனக்கு நிறைவாக இல்லை.

ச.

அன்புள்ள ச.,

நிறைவில்லாததில் வியப்பில்லை, அது பாதி பதில். சளிப்படலம் இருப்பது உண்மை. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. மேற்பரப்புச் செல்களும் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. ஆனால் சளிக்கு அடியில் நொதியைச் செய்யும் செல் இருக்கிறதே, அதை எது காக்கிறது? கத்தி செய்பவரின் கை ஏன் அறுபடவில்லை?

கத்திக்கு அங்கே உறை போட்டிருக்கிறது. செல்லிலிருந்து வெளிவருவது பெப்சின் அல்ல, பெப்சினோஜன். அதன் வெட்டும் இடத்தை அதன் சொந்தச் சங்கிலியின் ஒரு துண்டே மூடியிருக்கும். இரைப்பைக் குழிக்குள் வந்து அமிலம் பட்டதும் அந்தத் துண்டு விலகி அறுந்துபோகும்.

கணையம் இதைவிடச் சாமர்த்தியசாலி. அது செய்யும் டிரிப்சினோஜன், புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியின் பூட்டிய வடிவம். அதற்கான சாவி கணையத்தில் கிடையாது. முன்சிறுகுடலின் சுவரில், என்டிரோகைனேஸ் என்ற இன்னொரு நொதியாக இருக்கிறது. கொஞ்சம் டிரிப்சின் திறந்துகொண்டால் போதும், மற்றப் பூட்டுகளை அதுவே திறந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். ஒன்றிரண்டு வழியிலேயே விழித்துக்கொண்டால் அடக்குவதற்காக ஒரு தடுப்புப் புரதத்தையும் கணையம் கூடவே அனுப்புகிறது. பித்தக்கல் பாதையை அடைத்தாலோ மிதமிஞ்சிய குடியாலோ இந்தக் காவலும் தோற்கலாம். வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலியோடு வரும் கடும் கணைய அழற்சியில், நீங்கள் கேட்ட அந்தத் தற்செரிப்பு உண்மையிலேயே நடக்கிறது.

(மாவுச்சத்தைப் பிரிக்கும் அமைலேஸோ பூட்டில்லாமலே சுரக்கிறது. உமிழ்நீரிலும் அப்படித்தான். நம் செல்கள் மாவுச்சத்தால் கட்டப்பட்டவை அல்லவே, அது யாரை வெட்டும்?)

உங்கள் கேள்விக்கு வயது அதிகம். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1772-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அளித்தார். சில பிணங்களில் இரைப்பைச் சுவர் கரைந்து ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டவர் அவர். இறந்தபின் இரைப்பை தன்னையே செரிக்கிறது, உயிருள்ளவரை ஏதோ ஓர் உயிராற்றல் அதைத் தடுக்கிறது என்பது அவர் முடிவு. உயிராற்றல் என்ற சொல்லை இன்று விட்டுவிட்டோம். அவர் கண்டது மட்டும் சரி. இரத்த ஓட்டம் நின்றால் சளி சுரப்பதும் செல்கள் புதுப்பிக்கப்படுவதும் நின்றுவிடும். ஏற்கெனவே குழிக்குள் உறை கழன்று கிடக்கும் பெப்சின் நிற்பதில்லை.