காலையில் 4 டிகிரி, சாயங்காலம் 16: எந்தப் பேண்டைப் போடுவது?

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் ஐரோப்பாவில் இருக்கிற நம்மவர்களுக்குச் சைக்கிள் ஞாபகம் வந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழே சம்பந்தப்பட்டவை. எந்த சைக்கிள் வாங்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கால் நனைகிறது, தொடை எரிகிறது, பேண்டில் கறை என்றே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

குளிர்காலம் முழுக்க ட்யூப் ரயிலில் போய்விட்டு இப்போதுதான் சைக்கிளை எடுத்திருக்கிறேன். தினம் 9 கிலோமீட்டர். காலையில் கால் விறைக்கிறது, திரும்பும்போது வேர்த்துக் கொட்டுகிறது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் மழை. ஜீன்ஸ்தான் போடுகிறேன். வேறு நல்ல பேண்ட் எது?
– வாசகர், பாலம் (Balham), லண்டன்

முதலில் அந்த ஜீன்ஸைக் கழற்றுங்கள். வீட்டிலேயே.

நானும் உங்கள் வழிதான். டூட்டிங்கிலிருந்து சதர்க் பாலம் வரை, 2010-ல் நீலப் பெயின்ட் அடித்துத் திறந்தார்களே, அந்த ஏழாம் நம்பர் சைக்கிள் பாதை. என் முதல் ஏப்ரலில் ஒருநாள் கிளம்பும்போது பளீரென்று வெயில், ஸ்டாக்வெல் தாண்டும்போது ஆலங்கட்டி மழை, ஓவல் வந்தபோது மறுபடியும் ஒன்றும் நடக்காதது போல வெயில். சட்டை அரை மணியில் காய்ந்துவிட்டது. ஜீன்ஸ் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் காயவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பத்து மணிக்கு மீட்டிங், அதுவும் துணி போட்ட நாற்காலி. எழுந்தபோது நாற்காலியில் தெரிந்த வட்டத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

நனைவது ஒரு பக்கம். ஜீன்ஸில் இன்னொரு தொல்லை தையல். நான்கு துண்டும் வந்து கூடுகிற அந்தத் தடித்த முடிச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நடக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் மிதிக்கிறவருக்கு அம்மிக்கல்.

அப்புறம் குளிர். மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்கு பெடலுக்குப் போனால் அதிகம், மீதியெல்லாம் சூடாகத்தான் வெளியேறுகிறது. அதனால் தொடையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். முட்டிதான் பாவம். அதன்மேல் சதையும் இல்லை கொழுப்பும் இல்லை, எதிர்க்காற்றை முதலில் வாங்குவதும் அதுதான். இலைகூட அசையாத காலையிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த 20 கிலோமீட்டர் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். 5 டிகிரி குளிர் வெறும் தோலுக்கு 1 டிகிரி மாதிரி உறைக்கும்.

ஆகவே என் கட்சி இது: இந்தப் பருவத்துக்கு ஒரு நல்ல பேண்டைத் தேடாதீர்கள், கழற்றக்கூடிய காலைத் தேடுங்கள். முட்டி வரை வருகிற, கொஞ்சம் இழுபடும் துணியில் ஒரு ஷார்ட்ஸ். அதற்குள்ளே செருகிக்கொள்ள நீ வார்மர் ஒரு ஜோடி. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே சைக்கிள் கடையில் எடுத்துத் தருவார்கள், தொடை நடுவிலிருந்து முட்டிக்குக் கீழே வரை வருகிற ஒரு குழாய்த்துணி, அவ்வளவுதான். சூடேறியதும் ஏதாவது சிக்னலில் நின்று ஷூவைக் கழற்றாமலே பெரும்பாலும் உருவிவிடலாம், சுருட்டினால் கோட்டுப் பாக்கெட்டில் அடங்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தொடையைப் பிடிக்கிற ரப்பர் பட்டை ஷார்ட்ஸுக்கு நன்றாக உள்ளே போக வேண்டும், அளவும் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்வாக வாங்கினால் கிளாப்பம் வருவதற்குள் கணுக்காலில் கிடக்கும்.

மார்ச்சில், ஏப்ரல் தொடக்கத்தில் இது போதாத காலைகள் உண்டு. அப்போது ஷார்ட்ஸுக்குக் கீழே மெல்லிய மெரினோ கம்பளி லெகிங்ஸ். கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டர் மாதிரி குத்துமோ என்று பயப்படாதீர்கள், இழை மெல்லியது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்த பிறகுதான் நனைந்த மாதிரியே தோன்றும், இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாற்றம் வராது. விலைதான் குத்தும். ஜனவரித் தள்ளுபடியில் வாங்கி வைத்திருக்க வேண்டும், இப்போது சொல்லி என்ன பயன்.

எது போட்டாலும் வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் பத்து நிமிஷம் லேசாகக் குளிரத்தான் வேண்டும். ஆபீஸ் பேண்ட் ஒன்றைத் திங்கட்கிழமையே கொண்டுபோய் அங்கேயே வைத்துவிடுங்கள்.

மழைப் பேண்ட் இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். வெளியிலிருந்து தண்ணீர் வரவில்லை, ஆனால் உள்ளே வேர்வையில் அதே அளவு நனைகிறேன். இன்னும் விலை கூடியதாக வாங்க வேண்டுமா?
– வாசகர், ஐந்தோவன், நெதர்லாந்து

வேண்டாம், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். காற்று போய்வரும் என்று எழுதியிருக்கிற மழைத்துணியெல்லாம் நடக்கிறவர் வேர்வைக்கு ஈடு கொடுக்கும், எதிர்க்காற்றில் மிதிக்கிறவர் வேர்வைக்குத் திணறும். 12 டிகிரியில் மழைப் பேண்ட் போட்டு மிதிப்பது இட்லிப் பானைக்குள் காலை விடுவது மாதிரிதான்.

உங்கள் சைக்கிளில் முன்சக்கரத்து மட்கார்டு எங்கே முடிகிறது? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். தூறல் நின்ற பிறகும் கால் நனைகிறது என்றால் அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை, முன்சக்கரம் ரோட்டிலிருந்து வாரி இறைக்கிறது. மட்கார்டின் நுனியில் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்குகிற மாதிரி ரப்பர் துண்டு ஒன்றை மாட்டிப் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உங்கள் ஊர்க்காரர்கள் ஓட்டுகிற கறுப்பு நிறப் பெரிய சைக்கிள்களில் நீளமான மட்கார்டு, மூடிய செயின் எல்லாம் இருக்கும்; அவர்கள் கோட்டு சூட்டோடு ஓட்டுவதன் ரகசியம் அதுதான். நம் ஆட்கள்தான் பந்தய சைக்கிளை வாங்கிவிட்டுத் துணியின் மேல் பழி போடுகிறோம்.

வானத்திலிருந்து வருவது பெரும்பாலும் தொடை மேல் விழுகிறது, உட்கார்ந்த நிலையில் குடை மாதிரி விரிந்திருப்பது அதுதானே. அதற்கு மட்டும் மூடாக்கு இருக்கிறது: இடுப்பில் பெல்ட் போலச் சுருட்டி வைத்துக்கொண்டு, மழை வந்தால் அவிழ்த்துவிட்டு முட்டிக்குக் கீழே மாட்டிக்கொள்கிற துணி. பின்பக்கம் திறந்திருப்பதால் வேர்க்காது. பார்க்க அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

இருக்கிற இரண்டு மழைப் பேண்டையும் எறிந்துவிடாதீர்கள், அடைமழைக்கு வேண்டும். ஆனால் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்குகிற திரவம் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மேல்துணி தண்ணீரை உருட்டிவிடாமல் குடிக்க ஆரம்பிக்கும், குடித்துவிட்டால் உள்ளேயிருக்கிற வேர்வை வெளியே போக வழி கிடையாது. ஒருவேளை உங்களுக்கு நடந்திருப்பது இதுவேதானோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

ஏப்ரல் தன் இஷ்டத்துக்குத்தான் நடப்பான் என்று உங்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டு. நாமொன்றும் சர்க்கரையால் ஆனவர்கள் இல்லை, கரைந்துவிட மாட்டோம் என்று இன்னொன்று. இரண்டையும் சொல்லிக்கொண்டே போனில் புயன்ராடார் என்கிற மழை ராடார் ஆப்பைப் பார்த்து, மழைத் திட்டு நகரும்வரை பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்புகிறவர்கள்தான் அவர்கள். நீங்களும் பாருங்கள்.

மகன் லீட்ஸில் படிக்கிறான், காலேஜுக்குச் சைக்கிளில் போகிறானாம். தெரிந்தவர் ஒருவர் அடுத்த வாரம் அங்கே போகிறார். திருப்பூர் பனியன் துணியில் உள் பேண்ட் நான்கு வாங்கிக் கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

அனுப்புங்கள் அம்மா, தூங்கும்போது போட்டுக்கொள்ளட்டும். சைக்கிளுக்கு அது சரிப்படாது. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடாது. லீட்ஸ் மேடும் பள்ளமுமான ஊர், ஏற்றத்தில் வேர்த்து இறக்கத்தில் காற்றடித்தால் ஈரப் பருத்தி காலோடு ஒட்டிக்கொண்டு இன்னும் குளிரும்.

அதைவிட நல்ல காரியம் ஒன்று உங்கள் ஊரில்தான் முடியும், அவனுக்கு அங்கே கிடைக்காது: டெய்லர். டெரிகாட்டனில், கொஞ்சம் இழுபடுகிற ரகமாகப் பார்த்து, இரண்டு பேண்ட் தைக்கச் சொல்லுங்கள். நனைந்தாலும் சீக்கிரம் காயும். மூன்று விஷயம் டெய்லரிடம் சொல்ல வேண்டும். கவட்டில் தையல்கள் ஒரே புள்ளியில் கூடாமல் நடுவில் டைமண்ட் வடிவத்தில் தனித் துண்டு வைத்துத் தைக்க வேண்டும். பின்பக்க இடுப்பு வழக்கத்தைவிட ஒரு இஞ்ச் உயரமாக இருக்க வேண்டும், குனிந்து ஓட்டும்போது இறங்காது. தொடை அளவை நிற்க வைத்து எடுக்காமல் ஸ்டூலில் உட்காரவைத்து முட்டியை மடக்கி எடுக்க வேண்டும். அளவு கொடுக்கப் பையன் அங்கே இருக்கிறானே என்று கேட்பீர்கள். வீடியோ காலில் டெய்லரையும் அவனையும் பேச விட்டுவிடுங்கள், நீங்கள் நடுவில் பேசாமல் இருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து கிரீன்வே வழியாக ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வேலைக்குப் போகிறேன். குர்தி, காட்டன் லெகிங்ஸ். ஒரு வாரமாகத் தொடை உள்பக்கம் எரிகிறது. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வேண்டுமா?
– வாசகி, லண்டன்

அந்தத் தூரத்துக்கு வேண்டியதில்லை. லெகிங்ஸைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பாருங்கள், எரிகிற இடமும் தையல் ஓடுகிற இடமும் ஒன்றாக இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. தட்டைத் தையல் போட்ட, நைலான் கலந்த விளையாட்டு லெகிங்ஸ் ஒன்று வாங்குங்கள், குர்திக்குக் கீழே வித்தியாசமே தெரியாது. அதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: சீட் அதிக உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், ஆடினால் உரசும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை தள்ளினால் கால் அப்போதுதான் நேராக வேண்டும், அது சரியான உயரம். தோல் ஆறும்வரை கிளம்பும்போது கொஞ்சம் வாஸ்லின்.

எப்போதாவது பேட் வைத்தது வாங்கினால் அதற்குள்ளே உள்ளாடை போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூச்சம்.

கிரீன்வே பழைய சாக்கடைக் குழாயின் கரைமேல் போட்ட பாதை, ஊரைவிட உயரம், காற்றுக்குத் தடுப்பே கிடையாது. நீளமான குர்தி பாய்மரம் மாதிரி இழுக்கும். முட்டிக்கு மேலே நிற்கிற குர்தியாகப் போடுங்கள். துப்பட்டா பைக்குள் இருக்கட்டும். நம்மூர் லேடீஸ் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு வலை இருக்குமே, அது இங்கே வாங்குகிற சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்காது.

எப்போதிலிருந்து தைரியமாக ஷார்ட்ஸ்? அப்புறம், பேண்ட் போடும் நாளில் செயின் கறை படாமல் இருக்க சாக்ஸுக்குள் செருகினால் மனைவி சிரிக்கிறார்.
– வாசகர், மியூனிக்

மே 15 தாண்டட்டும். மே 11 முதல் 15 வரை வருகிற, கடைசி உறைபனிக்குப் பெயர்போன பனிப் புனிதர்கள் நாள் போகாமல் தக்காளி நாற்றைக்கூட வெளியே நட மாட்டார்கள் உங்கள் ஊர்த் தோட்டக்காரர்கள். தக்காளிக்குச் சொன்னது முட்டிக்கும் பொருந்தும்.

சிரிக்கட்டும், ஆனால் இரண்டு காலையும் செருகாதீர்கள், செயின் இருப்பது வலது பக்கம் மட்டும். ஒளியைத் திருப்பி அடிக்கிற வெல்க்ரோ பட்டை வாங்கிக் கணுக்காலில் சுற்றினால் பேண்டும் தப்பும், இருட்டில் மேலும் கீழுமாக ஏறி இறங்குகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பின்னால் வருகிற கார்க்காரர் சைக்கிள் என்று சட்டென்று கண்டுகொள்வார். ஏற்கெனவே கறை பட்டிருந்தால் தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரம் தேய்க்கிற லிக்விடைக் காய்ந்த துணியில் ஊற்றித் தேய்த்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு அப்புறம் துவையுங்கள். முதலில் தண்ணீரில் போட்டீர்களானால் அந்தப் பேண்டைச் சைக்கிள் பேண்டாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.