மகள் ராணுவ உளவுப் பிரிவுக்குப் போக வேண்டும் என்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. மகள் 'ஸ்பை' ஆகி எங்கே இருக்கிறாள் என்றே தெரியாமல் போய்விடுமோ என்பது ஒன்று. பத்துப் பதினாலு வருஷம் வேலை வாங்கிக்கொண்டு பென்ஷன்கூட இல்லாமல் அனுப்பிவிடுவார்களோ என்பது இன்னொன்று. முதல் பயம் சினிமா தந்தது. இரண்டாவதில் நியாயம் இருக்கிறது.

முதலாவதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். உங்கள் மகள் கேட்கும் ராணுவ உளவுப் பிரிவின் பெயர் இன்டலிஜென்ஸ் கோர். அது ரா, ஐ.பி. போன்ற உளவு நிறுவனங்களைப் போலத் தனி அமைப்பு அல்ல. சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ் மாதிரி ராணுவத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவு. அதன் பயிற்சிப் பள்ளி புனேயில் இருக்கிறது. எதிர்த்தரப்பின் எந்தப் படை எங்கே நிற்கிறது, புதிதாகச் சாலை போடுகிறார்களா என்பதையெல்லாம் வரைபடம், வான்வழிப் படம், களத்திலிருந்து வரும் துண்டுத் தகவல்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, மேலதிகாரி முடிவெடுக்கத் தோதாக எழுதித் தர வேண்டும். படிப்பும் எழுத்தும்தான் அதிகம். எல்லைப் பகுதியில் போஸ்டிங் வரும், வேலை பற்றி வீட்டில் வாய் திறக்க மாட்டாள். மற்றபடி லீவு கிடைத்தால் ஊருக்கு வருவாள், கவலைப்படாதீர்கள்.

இப்போது இரண்டாவது. மருத்துவம், நர்சிங் தவிர மற்ற பிரிவுகளுக்குப் பெண்களை அதிகாரிகளாக ராணுவம் எடுக்கத் தொடங்கியது 1992இல். இன்டலிஜென்ஸ் கோரும் அந்த ஆண்டே திறந்துவிடப்பட்டது. ஆனால் பணி 5 ஆண்டுக்குத்தான். பிறகு நீட்டி நீட்டி 14 ஆண்டு வரை வந்தது. 14 வருஷத்தில் வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது, அதற்கு 20 ஆண்டு சர்வீஸ் வேண்டும். 2008இல் சட்டம், கல்வி ஆகிய இரண்டு பிரிவுப் பெண்களுக்கு மட்டும் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணி, தந்தார்கள். மற்றவர்கள் வழக்கு நடத்தினார்கள். கிராமத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கத் தயாராக இல்லை என்றுகூட அரசுத் தரப்பில் வாதிட்டார்கள்! 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டு, பெண்கள் பணியாற்றும் பத்துப் பிரிவுகளிலும் நிரந்தர கமிஷனுக்கு வழிவிட்டது. இன்டலிஜென்ஸும் அதில் ஒன்று.

அதோடு கதை முடியவில்லை. 2021 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதை உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். நிரந்தர கமிஷனுக்குத் தேர்வு செய்யும்போது பழைய ரகசிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் அதிகாரி பற்றியும் மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் அறிக்கை அது. 'இந்தப் பெண்களுக்குத்தான் நிரந்தரப் பணி கிடையாதே' என்ற எண்ணத்தில் அந்நாளில் ஏனோதானோ என்று எழுதிவைத்த அறிக்கைகள், பின்னால் அவர்களுக்கே எதிராக நின்றன. ஆண்களுக்கு இளவயதில் வைத்த உடல்தகுதி அளவை நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கும் வைத்தார்கள். இது மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. இன்று சேரும் பெண்ணுக்கு இதில் ஒரு சேதி உண்டு: பத்தாம் ஆண்டில் வரும் தேர்வுக்கு முதல் ஆண்டு அறிக்கையிலிருந்தே கணக்கு ஓடுகிறது. கேட்பவர் எல்லோருக்கும் நிரந்தர கமிஷன் கிடைப்பதும் இல்லை.

கிடைத்துவிட்டால் நீண்ட பாதைதான். இரண்டாம் ஆண்டில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். இவை சர்வீஸ் கணக்கில் வருபவை. கர்னல் பதவிக்குத் தேர்வுக்குழு உண்டு. 2023இல் நடந்த சிறப்புத் தேர்வில் 108 இடங்கள் பெண்களுக்காக ஒதுக்கப்பட்டன. கர்னலுக்கு ஓய்வு வயது 54. சம்பளம் அடிப்படை 56,100 ரூபாயில் தொடங்கும். அதற்கு மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500, பிறகு படிகள்.

சரி, இனி மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இன்டலிஜென்ஸுக்கு என்று தனியாக விண்ணப்பிக்க முடியாது. அதிகாரியாகத்தான் சேர வேண்டும். சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. அதன் கடைசிக் கட்டத்தில் விருப்பம், மெரிட், காலியிடம் மூன்றையும் பார்த்துத்தான் பிரிவு ஒதுக்குவார்கள். அவளுக்கு உணவு, எரிபொருள் வழங்கும் சப்ளை கோர் கிடைக்கலாம், ஆயுதம், தளவாடக் கிடங்குகளைக் கவனிக்கும் ஆர்ட்னன்ஸ் கிடைக்கலாம். 'அப்படி ஆனாலும் சந்தோஷமாகப் போவாயா?' என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் தைரியமாக அனுப்புங்கள். முகம் சுருங்கினால் அவளுக்குப் பிடித்தது ராணுவம் அல்ல, 'உளவு' என்ற அந்தச் சொல். 'மிலிட்டரி இன்டலிஜென்ஸ் டிப்ளமா' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டவே வேண்டாம். அது இந்த வேலைக்கு வழியே அல்ல.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு, என்.சி.சி.யும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. பட்டியலில் பெயர் வந்தால் நேராக எஸ்.எஸ்.பி.தான், அதாவது ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். இன்னொரு வழி யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். என்ற படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு. ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு இரண்டு தாள் போதும், கணக்கு இல்லை. இரண்டுக்கும் தயாராகட்டும். பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது, இது விதி. மாப்பிள்ளை பார்க்கும் சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளே பெரும்பாலோர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு மறுநாள் உளவியல் தேர்வு: திரையில் ஒரு சொல் வரும், 15 விநாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அப்படி 60 சொற்கள். படத்தை 30 விநாடி காட்டிவிட்டு நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இருபது சொல்லுக்குள் தீர்ந்துவிடும், அப்புறம் சொந்தச் சரக்குதான். இதற்குக் கோச்சிங்கைவிட, தினமும் ஒரு செய்தியை எடுத்து, அதில் எது தெரிந்தது, எது ஊகம் என்று பிரித்து ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதும் பழக்கம் உதவும். பிற்பாடு இன்டலிஜென்ஸ் கிடைத்தால் அங்கே செய்யப்போவதும் இதே வேலைதான்.

இந்த மாதமே கண், காது, பல், பாதம் நான்கையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தட்டைப் பாதம், முழங்கால் முட்டுவது போன்றவற்றுக்காக எஸ்.எஸ்.பி. தாண்டியவர்கள்கூட மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோகிறார்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், எந்த நுழைவுக்கு முதலில் போடுவது என்று பார்க்கலாம்.