கொடிமரமும் கயிறும்

கேள்வி: பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காவடிக்குக் கொடியேற்றிய அன்று கோவிலில் கொடிமர உச்சியிலிருந்து முளைக்கு இழுத்துக் கட்டிய கயிற்றைக் காட்டி ஒரு கணக்குப் போட்டாள். கயிறு 6.5 மீட்டர், மரத்தடிக்கும் முளைக்கும் 2.5 மீட்டர். மர உயரம் 6.96 என்கிறாள். சரிதானா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இல்லை அம்மா. கயிறே ஆறரை மீட்டர்தான், மரம் அதைவிட உயரம் என்றால் உச்சியில் கட்டிய கயிறு தரையைத் தொடவே தொடாதே! செங்கோணத்துக்கு எதிரே சாய்ந்து நிற்கும் பக்கம், அதாவது கர்ணம், அதுதான் எப்போதும் மூன்றிலும் பெரியது. இங்கே அது கயிறு. பேத்தி இரண்டு வர்க்கங்களையும் கூட்டிவிட்டாள், நிறையப் பிள்ளைகள் சறுக்கும் இடம் இது. கர்ணத்தைத் தேடினால்தான் கூட்ட வேண்டும், கர்ணம் கையில் இருந்தால் அதன் வர்க்கத்திலிருந்து தெரிந்த பக்கத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். 42.25-இல் 6.25 போனால் 36, அதன் வர்க்கமூலம் 6. மரம் 6 மீட்டர்.

சரிபார்க்க நம் பழைய தமிழ்க் கணக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது: நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். 5.25, அப்புறம் 1.25, மொத்தம் 6.5, கச்சிதம்! ஆனால் எல்லா அளவுக்கும் இப்படிப் பொருந்தாது, இரண்டு பக்கமும் 5 என்றால் 6.875 வரும், உண்மையில் 7.07. பரீட்சையில் வர்க்க முறையிலேயே எழுதச் சொல்லுங்கள்.