கேட்பதற்கும் பேட்டரி செலவாகும்

வணக்கம் சார். எம்.இ. இறுதியாண்டு. வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்கில் ஆற்றல் சிக்கனத்தோடு இடமறிவது என் ப்ராஜெக்ட். 100 மீட்டர் சதுரத்தில் அசையாத 100 நோடு (ரேடியோவும் பேட்டரியும் கொண்ட சிறு சென்சார் கருவி), அதில் 10 ஆங்கர் (தன் இடம் முன்பே தெரிந்த நோடு), ரேடியோ எட்டும் தூரம் 30 மீட்டர். மேட்லாபில் டி.வி.-ஹாப் ஓட்டினேன்: ஆங்கரின் செய்தி எத்தனை தாவலில் (ஹாப்) வந்தது என்று எண்ணி, ஒரு ஹாப்பின் சராசரி நீளத்தால் பெருக்கித் தூரத்தை ஊகிக்கும் முறை. பிழை ரேடியோ தூரத்தில் 30 சதவீதம். பல ஊக இடங்களை (‘துகள்’) சுற்றுச் சுற்றாகத் திருத்தும் பார்ட்டிகிள் ஸ்வார்ம் சேர்த்ததும் 20 ஆனது, ஆற்றல் செலவும் குறைந்தது. அடுத்து அதே வகையான கிரே உல்ஃப் (ஓநாய்க் கூட்ட) முறை போடலாமா? ஜி.பி.எஸ். மின்சாரத்தைத் தின்னும் என்று எல்லாப் பேப்பரிலும் இருப்பதால் அதைத் தொடவில்லை.
ம.

அன்புள்ள ம.,

இப்படி எண்களோடு எழுதுகிறவர்கள் குறைவு. அந்த உரிமையில் கொஞ்சம் திட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓநாய் ஒரு ஓரமாக இருக்கட்டும். 30 துகள், 100 சுற்று, 10 ஆங்கர் என்றால் ஒரு நோடு தன் இடத்தைக் கண்டுபிடிக்க 30,000 வர்க்கமூலம் போட வேண்டும். டெலோஸ்பி வகை நோடில் இருக்கும் எம்.எஸ்.பி.430 செயலிக்கு ரேம் 10 கிலோபைட். தசமக் கணக்குக்குத் தனி வன்பொருளும் கிடையாது. அதையெல்லாம் உங்கள் லேப்டாப் போட்டுக் கொடுத்துவிட்டது. அதற்கான மின்சாரத்தை நீங்கள் யார் கணக்கிலும் எழுதவில்லை.

ஆற்றல் குறைந்தது என்கிறீர்களே, எந்த ஆற்றல்? உங்கள் மாடலை ஊகிக்க முடிகிறது: பிட்டுக்கு 50 நானோஜூல், அதோடு தூரத்தின் வர்க்கத்துக்கு 100 பிகோஜூல். 2000-ல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த லீச் (நோடுகளைக் குழுவாகப் பிரித்து, குழுத்தலைவர் வழியாகத் தகவல் அனுப்பும் முறை) கட்டுரையின் மாடல் அது. அனுப்பினால் செலவு, வந்ததை வாங்கினால் செலவு. ஒன்றும் வராமல் ரேடியோவைத் திறந்துவைத்துக் காத்திருந்தால்? பூஜ்யம். லீச்சுக்கு அது ஓரளவு பொருந்தும், அங்கே உறுப்பினர் நோடுகள் தங்கள் முறை வரும்வரை ரேடியோவை அணைத்துவிடும். டி.வி.-ஹாப்பில் யார் எப்போது பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. பஸ் எப்போது வரும் என்று தெரியாதவர் ஸ்டாப்பிலேயேதான் நிற்க வேண்டும். நீங்கள் வந்த பஸ்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

டெலோஸ்பியின் ரேடியோவான சிசி2420 சிப்பின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். முழு சக்தியில் அனுப்ப 17.4 மில்லிஆம்பியர், கேட்க 18.8. கேட்பதற்குத்தான் அதிகம்! இப்போது உங்கள் நெட்வொர்க். ஒரு நோடு ஆங்கருக்கு ஒன்றாக 10 பாக்கெட்டும், ஹாப் நீளத்துக்கு ஒன்றும் மறுஒலிபரப்பு செய்யும். 30 பைட் பாக்கெட்டுக்குச் சுமார் 1 மில்லிவிநாடி. மொத்தம் 11 மில்லிவிநாடி, 17.4-ஆல் பெருக்கினால் 0.19 மில்லிஆம்பியர்-விநாடி. மோதல், மறுமுயற்சி எல்லாம் அடங்க 2 நிமிடம் ரேடியோ திறந்திருந்தால் 2,256. சுமார் 12,000 மடங்கு. பாக்கெட்டில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

இதே தராசில் ஜி.பி.எஸ்.ஸையும் வையுங்கள். நியோ-6எம் மாட்யூல் சுமார் 40 மில்லிஆம்பியர் எடுக்கும். திறந்த வானத்தின் கீழ் முதல் இடத்தைச் சொல்ல 27 விநாடி. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது, தாமதம் அதனால். பெருக்கினால் 1,080. உங்கள் டி.வி.-ஹாப்பில் பாதிகூட இல்லை. அசையாத நோடுக்கு ஒருமுறை போதும். ஜி.பி.எஸ்.ஸை மறுக்க விலை, மரநிழல், கட்டடம் என்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லுங்கள். நோடைக் கையால் வைப்பதாக இருந்தால் போனில் பார்த்துக் குறித்துக்கொண்டாலே திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் பிழைதான். உங்களுடையது முதலில் 9, ஸ்வார்முக்குப் பிறகு 6. நகரும் நோடு என்றால் கதை வேறு. கென்யாவில் வரிக்குதிரைகளுக்குக் கட்டிய ஜீப்ராநெட் பட்டை 8 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் பதிந்தது, அதற்குச் சூரியத் தகடு தேவைப்பட்டது.

டி.வி.-ஹாப்தான் வேண்டுமென்றால் முறை வைத்துப் பேச விடுங்கள். ஒரு சுற்றில் நோடுக்கு 5 மில்லிவிநாடி, 100 நோடுக்கு அரை விநாடி. பத்து ஆங்கரின் எண், இடம், ஹாப் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டில் போடுங்கள்: ஆங்கருக்கு 6 பைட், மொத்தம் 60, இந்த ரேடியோவின் 127 பைட் பாக்கெட் எல்லைக்குள் அடங்கும். மூலைக்கு மூலை 7 ஹாப் என்று வையுங்கள். எண்ணிக்கைக்கு 7 சுற்று, ஹாப் நீளத்துக்கு 7 சுற்று, ஆக 7 விநாடி. 2,256 சுமார் 132 ஆகிவிடும்.

தன் முறை வரும்வரை நோடு தூங்கும், நேரம் பார்த்து எழ வேண்டும். கெடுவது கடிகாரத்தில். அதை ஓட்டும் 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பத்து லட்சம் விநாடிக்கு 20 விநாடி தவறும். இரண்டு நோடு எதிரெதிராகத் தவறினால் 10 நிமிடத் தூக்கத்தில் 24 மில்லிவிநாடி விலகல், அதாவது ஏறக்குறைய ஐந்து நோடுகளின் பேசும் நேரம். அதனால் அவ்வளவு முன்னதாக எழ வேண்டும். இதோடும் முடியவில்லை. அந்தக் கிரிஸ்டல் 25 டிகிரியில் சரியாக ஓடும், சூட்டிலும் குளிரிலும் மெதுவாகும். வெயிலில் மூடிய டப்பாவுக்குள் 55 டிகிரி என்றால் இன்னும் சுமார் 30 தவறும், கூடுதலாக 18 மில்லிவிநாடி. நிழலில் இருக்கும் நோடோடு அது ஒத்துப்போகாது. தாமதமாக எழுந்து, முறையைத் தவறவிட்டு, யாராவது பேசுகிறார்களா என்று ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கும். அப்படியே விட்டால் 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தரை நாளில் காலி. தேடலுக்கு ஒரு நேர எல்லை வையுங்கள், கிடைக்காவிட்டால் தூங்கப் போகட்டும்.

கைடு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வாதாட வேண்டாம். பேட்டரியோடு தொடரில் 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் இரு முனையில் ஆசிலாஸ்கோப் வைத்துக் காட்டுங்கள். கேட்கும்போது கோடு 200 மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கும். அனுப்பும்போது ஏறாது, கொஞ்சம் இறங்கும்.